தளம் போட்ட வீட்டில் பாஸ் ஏன் உறுமுகிறது?

ரிஷிவந்தியம், பகண்டை கூட்டுரோடு, மணலூர்பேட்டை பக்கமெல்லாம் ஓட்டு வீட்டைப் பிரித்துவிட்டுத் தளம் போடுவது வேகமாக நடக்கிறது. பழைய வீட்டிலிருந்து புது வீட்டுக்குப் போகும் சாமான்களில் பாட்டு செட்டும் ஒன்று. இரண்டு சின்ன ஸ்பீக்கர், ஒரு ஆம்ப், ஒரு சப் ஊஃபர். அதே செட், அதே வயர், அதே பென்டிரைவ். ஆனால் பாட்டைப் போட்டதும் வீட்டுக்காரர் முகம் மாறும். ஒரு சுரத்துக்கு ஜன்னல் கண்ணாடி கிடுகிடுக்கிறது, அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கின்றன. அடுத்த சுரத்துக்கு பாஸ் இருக்கிற இடமே தெரியவில்லை. "பழைய ஊட்ல நல்லாத்தான் இருந்துச்சு, ஏத்தி எறக்கறப்போ செட்டு அடி வாங்கிடுச்சு" என்று முடிவுகட்டி, அதைவிடப் பெரிய சப் ஊஃபருக்குக் கள்ளக்குறிச்சிக்கோ திருக்கோவிலூருக்கோ கிளம்பிவிடுகிறார்கள்.

செட் பழுதாகவில்லை. மாறியது வீடு. பாஸ் என்கிற தாழ்ந்த ஒலியைப் பொறுத்தவரை, நாம் காசு கொடுத்து வாங்குகிற பெட்டி பாதிக் கருவிதான். மீதிப் பாதி, கொத்தனார் கட்டிக் கொடுத்த நான்கு சுவரும் தளமும். இது புரியாமல் வாங்கப்படும் சப் ஊஃபர்கள் எத்தனையோ வீடுகளில் பாட்டைக் கெடுத்துக்கொண்டிருக்கின்றன. அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன். இருக்கிற கருவியிலேயே நல்ல ஒலி கிடைக்கும். அதற்கு வேண்டியது கொஞ்சம் இயற்பியலும் ஒரு மாலைப்பொழுதும்.

முதலில் அளவுகளைப் பார்ப்போம். ஒலி நம் ஊர் வெயிலில் வினாடிக்குச் சுமார் 350 மீட்டர் ஓடும். ஒரு வினாடியில் 1000 முறை அதிரும் ஒலி, அதாவது 1000 ஹெர்ட்ஸ், என்றால் ஓர் அலையின் நீளம் 35 சென்டிமீட்டர். முழங்கையிலிருந்து மணிக்கட்டைத் தாண்டிக் கொஞ்சம் போகும், அவ்வளவுதான். 80 ஹெர்ட்ஸுக்கு வந்தால் அதே அலை 4.4 மீட்டர். 40 ஹெர்ட்ஸில் 8.75 மீட்டர். 20 ஹெர்ட்ஸில் 17.5 மீட்டர், வீட்டு வாசலிலிருந்து தெருவின் எதிர்ச்சாரியைத் தாண்டிவிடும் நீளம். மனிதக் காது கேட்கிற எல்லை ஏறக்குறைய 20 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. நான்கு தந்தி பாஸ் கிட்டாரின் தடித்த தந்தியை விரலால் சுண்டினால் எழுவது 41 ஹெர்ட்ஸ். சப் ஊஃபரின் வேலை இந்தக் கடைசிப் பகுதி மட்டும்: ஏறக்குறைய 25 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை.

சின்ன ஸ்பீக்கர் இதை ஏன் செய்ய முடியாது? ஸ்பீக்கரின் கோன் காற்றைத் தள்ளுகிறது. அலைவெண் பாதியாகும்போது அதே அளவு சத்தம் வேண்டுமானால் நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். 80 ஹெர்ட்ஸில் ஒரு மில்லிமீட்டர் முன்னும் பின்னும் ஆடிய கோன், 40 ஹெர்ட்ஸில் 4 மில்லிமீட்டர் ஆட வேண்டும். 20-ல் 16 மில்லிமீட்டர். நான்கு அங்குலக் கோனால் அவ்வளவு தூரம் போய்வர முடியாது. மீறி ஆட்டினால் கோனை ஆட்டும் கம்பிச்சுருள் (காயில்) காந்த இடுக்கை விட்டு வெளியே வந்து ஒலி கரகரக்கும். பத்து அங்குலக் கோனுக்கோ பரப்பு ஆறு மடங்குக்கு மேல், அதனால் அது ஆடவேண்டிய தூரம் அந்த அளவுக்குக் குறைந்துவிடுகிறது. சப் ஊஃபர் அகலமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

அதன் கோன் கனமாக இருப்பதற்குக் காரணத்தை மிருதங்கக்காரரிடம் கேட்கலாம். கச்சேரி தொடங்குமுன் அவர் ரவையைத் தண்ணீரில் பிசைந்து இடது பக்கத் தோலான தொப்பியின் நடுவில் அப்புவார். தட்டிப் பார்ப்பார், இன்னும் கொஞ்சம் அப்புவார். தோலில் எடை ஏற ஏற அது மெதுவாக அதிரும். தொப்பியின் குரல் கீழே இறங்கும். வலது பக்கமான வலந்தலையில் நிரந்தரமாகப் பூசியிருக்கும் கருஞ்சாந்து வேறொரு காரியம் செய்கிறது. சாதாரணத் தோல் வாத்தியத்தில் ஒன்றோடொன்று ஒட்டாமல் சிதறிக் கிடக்கும் மேல் அதிர்வுகளை, அது ஒரு தந்தி வாத்தியத்தில் இருப்பதுபோல் முழு எண் மடங்குகளாக ஒழுங்குபடுத்துகிறது. திருச்சிக்குப் பக்கத்துத் திருவானைக்காவலில் பிறந்த சர் சி.வி. ராமன் இதை அளந்து 1920-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்; 1930-களில் மீண்டும் விரிவாக எழுதினார். நோபல் பரிசு வாங்கித் தந்த ஒளிச்சிதறல் கண்டுபிடிப்புக்கு எட்டு ஆண்டு முன்பே, நம் தோல் வாத்தியங்களுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கத் தோன்றிய மனம் அவருக்கு. சப் ஊஃபர் வடிவமைக்கிறவர் செய்வது தொப்பியில் ரவை அப்புகிற அதே காரியம்: அதிரும் பொருளுக்கு எடை கூட்டி, அதன் இயல்பான அதிர்வை 30 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்துக்குக் கொண்டுவருவது. எடை கூடினால் ஆட்டுவதற்குச் சக்தியும் கூட வேண்டும். அதனால்தான் சப் ஊஃபருக்குள் அதற்கென்று தனி ஆம்ப் வைக்கிறார்கள்.

இங்கே ஒரு கேள்வி நியாயமாக எழும். சின்ன ஸ்பீக்கரால் பாஸ் கொடுக்க முடியாதென்றால், அந்தக் காலத்தில் கையகல டிரான்சிஸ்டரில் இளையராஜாவின் பாஸ் கிட்டாரை நாம் எப்படிக் கேட்டோம்? 1976-ல் 'அன்னக்கிளி' வந்த நாளிலிருந்து இந்தப் பக்கத்துக் கிராமங்கள் அந்த இசையைக் கேட்டது பெரும்பாலும் வானொலியிலும் டேப் ரிக்கார்டரிலும்தான். அந்த ஸ்பீக்கர்கள் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. ஆனாலும் அந்த பாஸ் நடையை முணுமுணுக்கத் தெரியாதவர் உண்டா?

காது செய்கிற வேலை அது. 41 ஹெர்ட்ஸில் ஒரு தந்தி அதிரும்போது கூடவே 82, 123, 164, 205 என்று அதன் மடங்குகளும் எழும். ஸ்பீக்கர் 41, 82, 123 மூன்றையும் விழுங்கிவிட்டாலும் மேலே இருப்பவை வந்து சேரும். அவற்றுக்கு இடையே இருக்கும் சீரான 41 இடைவெளியை மூளை கவனித்து, இல்லாத அடிச்சுரத்தைத் தானே நிரப்பிக்கொள்கிறது. ஆக, எந்த சுரம் என்பது தெரிந்துவிடும். தெரியாமல் போவது அதன் கனம். நெஞ்சுக்கூட்டில் வந்து உட்காரும் அந்த அழுத்தத்தை மூளையால் கற்பனை செய்ய முடியாது. காற்று உண்மையிலேயே அசைந்தாக வேண்டும். நல்ல சப் ஊஃபர் சேர்த்த அன்று, பல வருடம் கேட்ட பாட்டில் புதிதாக எதுவும் சேர்ந்த மாதிரி இருக்காது. ஏற்கெனவே தெரிந்த பாஸ் கிட்டாருக்கு உடம்பு வந்த மாதிரி இருக்கும்.

காதுக்கு இன்னொரு குணமும் உண்டு. 1933-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஃபிளெட்சரும் மன்சனும் இதை வரைபடமாக்கினார்கள். 1000 ஹெர்ட்ஸ் ஒலியை 3 டெசிபல் அளவிலேயே கேட்டுவிடுகிற காது, 40 ஹெர்ட்ஸை 50 டெசிபலுக்கு மேல் போனால்தான் கேட்கிறது. 20 ஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய 78. இதனால்தான் இரவில் சத்தத்தைக் குறைத்ததும் முதலில் காணாமல் போவது பாஸ். ஒரே பாட்டு பகலில் நிறைவாகவும் இரவில் சப்பென்றும் இருப்பது ஆம்ப்பின் குறை இல்லை. மெதுவாகக் கேட்கிறவர் பாஸைச் சற்றுக் கூட்டி வைப்பதில் தப்பில்லை. உரக்கக் கேட்கும்போது அதே குமிழைக் குறைக்க மறக்கக்கூடாது.

பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் ஸ்பீக்கரை மட்டும் வாங்கிவந்து ஆசாரியிடம் பெட்டி அடித்துக்கொள்வது இன்றும் வழக்கம். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. கைத்திறனுக்கு இங்கே குறைவே இல்லை. ஆனால் ஸ்பீக்கர் பெட்டிக்கு வேண்டியது வேலைப்பாடோ தேக்கோ இல்லை. கனமான, நெளியாத பலகையும் காற்றுப் புகாத மூட்டும் சரியான கன அளவும். கோன் முன்னால் காற்றை அழுத்தும்போது பின்னால் இழுக்கிறது. இரண்டும் சந்தித்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். அவற்றைப் பிரித்து வைப்பது பெட்டியின் முதல் வேலை. அடைபட்ட காற்று கோனுக்குச் சுருள்வில்லாக நிற்பது இரண்டாவது வேலை. பெட்டி சிறிதானால் அந்த வில் விறைப்பாகி, கோனின் இயல்பான அதிர்வு மேலே ஏறிவிடும்.

முழுக்க மூடிய சிறு பெட்டியில் அடைபட்ட காற்றையே வில்லாகப் பயன்படுத்தும் முறையை 1954-ல் எட்கர் வில்ச்சர் வீட்டு ஸ்பீக்கருக்குக் கொண்டுவந்தார். ஓட்டை போட்டுக் குழாய் செருகிய பெட்டியில், அந்தக் குழாய்க்குள் இருக்கும் காற்று ஒரு எடையாகவும் உள்ளே அடைபட்ட காற்று வில்லாகவும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட சுரத்தில் ஆடி, கோனின் பின்பக்க ஒலியையும் பயன்படுத்திக்கொள்கிறது. குழாயின் நீளமும் அகலமும் பெட்டியின் கன அளவும் ஒன்றுக்கொன்று பொருந்தினால்தான் அது நடக்கும். அதுவரை குத்துமதிப்பாக நடந்துகொண்டிருந்த இந்தத் தொழிலைக் கணக்காக்கியவர் ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல். அவருடைய 1961 கட்டுரையை வெளியுலகம் பத்து வருடம் கழித்துத்தான் கண்டுகொண்டது. ரிச்சர்டு ஸ்மால் 1970-களில் அதை முழுமையாக்கினார். இன்று ஸ்பீக்கரோடு வருகிற தாளில் இருக்கும் எண்கள் அவர்கள் பெயரில்தான் வழங்குகின்றன. அந்த எண்களை ஒரு இலவசச் செயலியில் போட்டால் பெட்டி எத்தனை லிட்டர், குழாய் எத்தனை அங்குலம் என்று வந்துவிடும். ஆசாரியிடம் போகுமுன் அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். தாள் இல்லாத ஸ்பீக்கர் என்றால் மூடிய பெட்டியே பத்திரம். கணக்குத் தப்பினாலும் அது பெரிதாகக் காலை வாராது.

இனி வீட்டுக்கு வருவோம். இதுதான் விஷயத்தின் நெஞ்சு.

ஓட்டு வீட்டின் கூரை சாய்வானது, லேசானது. ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே, கைமரங்களுக்கு இடையே, காற்றுப் போக இடம் இருக்கும். தாழ்ந்த ஒலி அந்த வழியாகவும், ஓட்டையே மெல்ல அசைத்தும் வெளியேறிவிடும். கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைப் பக்கத்தில் இன்னும் இருக்கும் மண்சுவர், புல் கூரை வீடுகளில் இது இன்னும் அதிகம். பாஸைப் பொறுத்தவரை அந்தக் கூரை கிட்டத்தட்டத் திறந்த வானம். அப்படிப்பட்ட வீட்டில் சப் ஊஃபர் சற்று வலுக்குறைவாகக் கேட்கும், ஆனால் எல்லாச் சுரமும் ஒரே நிறையில் கேட்கும்.

காங்கிரீட் தளமும் பூசிய செங்கல் சுவரும் அப்படி விடாது. வந்த ஒலியை ஏறக்குறைய முழுவதும் திருப்பி அனுப்பும். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே அலை போய்வந்து, ஒரு குறிப்பிட்ட அலைவெண்ணில் தன்னோடு தானே பொருந்தி நிலைகொண்டுவிடும். அந்த அலைவெண்ணைக் கணக்கிடுவது எளிது: 350-ஐ, சுவர்களுக்கு இடையே உள்ள தூரத்தின் இருமடங்கால் வகுக்க வேண்டும். நம் பக்கத்தில் சாதாரணமாகக் கட்டுகிற ஹால் 12 அடிக்கு 10 அடி, உயரம் 10 அடி என்று வைத்துக்கொள்வோம். 12 அடி என்பது 3.66 மீட்டர், விடை 48 ஹெர்ட்ஸ். 10 அடி என்பது 3.05 மீட்டர்; விடை 57 ஹெர்ட்ஸ். அகலமும் உயரமும் ஒன்றாக இருப்பதால் 57 ஹெர்ட்ஸ் இரண்டு திசையிலும் ஒரே சமயத்தில் வீங்கும். பாஸ் கிட்டாரில் 49 ஹெர்ட்ஸிலும் 58 ஹெர்ட்ஸிலும் சுரங்கள் இருக்கின்றன. அவை வரும்போது வீடே சேர்ந்து பாடும். இடையில் 52-ல் வரும் சுரம் சோகையாகக் கடந்துபோகும். ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது எந்தச் சுரத்துக்கு என்பதற்கு விடை வீட்டின் வரைபடத்திலேயே இருக்கிறது.

இன்னும் ஒன்று. இப்படி நிலைகொண்ட அலை அறையில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. சுவரோரம் அழுத்தம் உச்சத்தில் இருக்கும்; சுவருக்கும் சுவருக்கும் சரிபாதியில் அது ஏறக்குறைய இல்லவே இருக்காது. நம் வீடுகளில் சோபாவோ கட்டிலோ சுவரை ஒட்டித்தான் கிடக்கும். அங்கே சாய்ந்திருப்பவருக்குக் காதடைக்கும். நடுக்கூடத்தில் உட்கார்ந்து பூக்கட்டுகிறவருக்கு அதே சுரம் கேட்காது. உயரத்திலும் இதே கதைதான். பத்தடி உயர அறையில் நின்றுகொண்டு குமிழைத் திருகுகிறவரின் காது ஏறக்குறைய ஐந்தடி உயரத்தில் இருக்கும். தரைக்கும் தளத்துக்கும் நடுவிலான 57 ஹெர்ட்ஸ் அலைக்கு அது சரியாக வெற்றிடம். "பாஸே வரலியே" என்று அவர் கூட்டுவார். கீழே பாயில் படுத்திருக்கும் பெரியவர் "கொறைடா, தலைய இடிக்குது" என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. பாஸை நின்றுகொண்டு சரிசெய்யவே கூடாது. கேட்கிற இடத்தில், கேட்கிற நிலையில் இருந்துதான் செய்ய வேண்டும்.

திரைச்சீலை போட்டால் சரியாகுமா என்று கேட்பார்கள். சுவரில் முட்டை அட்டை ஒட்டுகிறவர்களையும் பார்க்கலாம். இவை பேச்சுக்குரலின் எதிரொலியைத்தான் கொஞ்சம் குறைக்கும். 48 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏழு மீட்டருக்கு மேல். அதைப் பஞ்சால் நன்றாக உறிஞ்ச அந்த நீளத்தில் கால் பங்கு கனம் தேவை, ஏறக்குறைய ஆறடி. எந்த வீட்டிலும் நடக்காத காரியம். அதைவிடக் கதவையும் ஜன்னலையும் திறந்துவைப்பது பலன் தரும். பழைய ஓட்டு வீட்டில் இருந்த வழியைக் கொஞ்சம் திருப்பிக் கொடுப்பதுதான் அது.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆயுதம் இடம்தான், அதற்குக் காசும் வேண்டாம். பெரும்பாலான வீடுகளில் சப் ஊஃபர் மூலையில் இருக்கிறது; காலில் இடறாது என்பதுதான் காரணம். மூலையில் வைத்தால் தரையும் இரண்டு சுவரும் சேர்ந்து ஒலியைப் பெருக்கும் என்பது உண்மை. ஆனால் அறையின் எல்லா நிலை அலைகளையும் முழு வேகத்தில் கிளப்பிவிடும் இடமும் மூலையேதான். அதே பெட்டியை 12 அடிச் சுவரின் சரிபாதியில் வைத்துப் பாருங்கள். நீளவாட்டு 48 ஹெர்ட்ஸ் அலைக்கு அது வெற்றிடம். அங்கிருந்து காற்றைத் தள்ளினால் அந்த அலை எழும்பாது. உறுமலில் ஒரு பங்கு அங்கேயே அடங்கும்.

கணக்கில் நம்பிக்கை வராதவர்களுக்குக் காதாலேயே கண்டுபிடிக்கும் ஒரு வழி உண்டு. ஓரிடத்தில் ஒலியெழுப்பி இன்னோரிடத்தில் கேட்டால் என்ன கேட்குமோ, இரண்டையும் இடம் மாற்றினாலும் அதுவே கேட்கும் என்பது ஒலியியலில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஹெல்ம்ஹோல்ட்ஸும் ரேலேயும் நிறுவிய உண்மை. ஆகவே சப் ஊஃபரைத் தூக்கி நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்திலேயே வையுங்கள். பாஸ் கிட்டார் மேலும் கீழும் ஓடுகிற ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, பெட்டி வைக்க முடிந்த இடங்களிலெல்லாம் தரையோடு குனிந்து, பெட்டி இருக்கும் உயரத்தில் காதை வைத்துக் கேளுங்கள். எந்த இடத்தில் எல்லாச் சுரமும் ஒரே நிறையில் வருகிறதோ, அதுதான் பெட்டியின் இடம். வீட்டுப் பிள்ளைகளை இந்த வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் குனிவதற்கு அலுக்க மாட்டார்கள், காதும் கூர்மை.

இடம் அமைந்தபின் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் குமிழ்கள். பலரும் தொடாமலே விட்டுவிடுகிற பகுதி இது. முதல் குமிழ், எந்த அலைவெண் வரை சப் ஊஃபர் பாட வேண்டும் என்பதை வைக்கிறது. 80 ஹெர்ட்ஸ் சுற்றி இருப்பது நல்லது. அதற்குக் கீழே அலை நான்கு மீட்டருக்கு மேல் நீளம். நம் தலையின் அகலமோ ஒரு சாண். இரண்டு காதுக்கும் வந்துசேரும் ஒலியில் வித்தியாசம் கிட்டத்தட்டத் தெரியாததால் திசை தெரியாது. எங்கிருந்து வந்தாலும் இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவிலிருந்து வருவதாகவே மனம் எடுத்துக்கொள்ளும். குமிழை 150-க்கோ 200-க்கோ தள்ளிவிட்டால் ஆண் குரலின் அடிப்பகுதி சப் ஊஃபருக்குள் நுழைந்துவிடும். ஜேசுதாஸ் தாழ்ந்த ஸ்தாயிக்கு இறங்கும்போது குரல் டி.வி. ஸ்டாண்டுக்கு அடியிலிருந்து வருவதைக் கேட்டிருப்பீர்கள். மலிவான ஹோம் தியேட்டர் செட்டுகளில் இது தவிர்க்க முடியாத குறை: அவற்றின் குட்டி ஸ்பீக்கர்கள் 200-க்குக் கீழே பாடாததால் மீதியெல்லாம் சப் ஊஃபர் தலையில் விழுகிறது. ஓரளவு உருப்படியான ஐந்து அல்லது ஆறு அங்குல ஸ்பீக்கர் ஜோடி இருந்தால்தான் சப் ஊஃபர் சேர்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. முதலில் அதற்குச் செலவழியுங்கள்.

ஆம்ப்பில் வசதி இருந்தால், 80-க்குக் கீழான ஒலி அந்த ஸ்பீக்கர்களுக்குப் போகாமலே தடுத்துவிடுங்கள். சுமை இறங்கிய கோன் தேவையின்றி ஆடாது. பாடகரின் குரலும் வயலினும் தெளிந்துவிடும். சப் ஊஃபர் சேர்த்ததன் பெரிய லாபம் பாஸில் இல்லாமல் குரலில் கிடைப்பதைக் கண்டு பலர் ஆச்சரியப்படுகிறார்கள்.

இரண்டாவது, ஃபேஸ் என்று எழுதிய சுவிட்ச். 80 ஹெர்ட்ஸில் பாதி அலை 2.2 மீட்டர். சப் ஊஃபர் மற்ற ஸ்பீக்கர்களைவிட அவ்வளவு தூரம் தள்ளி இருந்தால், இது முன்னால் தள்ளும்போது அது பின்னால் இழுக்கும்; இரண்டும் பாடியும் நடுவில் ஒரு பள்ளம் விழும். சரிபார்ப்பது எளிது. இருவரில் ஒருவர் கேட்கும் இடத்தில் உட்கார, மற்றவர் சுவிட்சை 0-க்கும் 180-க்கும் மாற்ற வேண்டும். எதில் பாஸ் நிறைவாக இருக்கிறதோ அதுவே சரி. மூன்றாவது, அளவு. செய்தி வாசிப்பைப் போட்டுக் கேளுங்கள்: வாசிப்பவர் பானைக்குள் இருந்து பேசுகிற மாதிரி இருந்தால் அளவு அதிகம். அங்கிருந்து குறைத்து, பேச்சு இயல்பான பிறகு பாட்டுக்குப் போங்கள்.

எந்தப் பாட்டு என்பதும் முக்கியம். ஐம்பது, அறுபதுகளின் திரைப்பாடல்களில் மிகத் தாழ்ந்த ஒலி பெரிதாகப் பதிவாகவே இல்லை. படச்சுருளில் ஒளிவழியாகப் பதிந்த அன்றைய ஒலித்தடம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அவற்றில் பாஸைத் தேடிக் கூட்டினால் இரைச்சல்தான் கூடும். எண்பதுகளின் இளையராஜா நல்ல உரைகல். ரிஷிவந்தியம் தொகுதி 2011-ல் சட்டமன்றத்துக்கு அனுப்பிய விஜயகாந்தின் 'கேப்டன் பிரபாகரன்' 1991-ல் வந்தது. இசை இளையராஜாதான், வீட்டில் அந்தப் பாடல்கள் இருந்தால் அவற்றிலேயே தொடங்கலாம். 1992-ல் 'ரோஜா'வோடு ரஹ்மான் வந்தபின் தமிழ்ப் பாட்டின் அடித்தளமே இறங்கிவிட்டது. அவருடைய பல பதிவுகளில் வாசித்த கீத் பீட்டர்ஸின் பாஸ் கிட்டார், ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவதைச் சரியான சப் ஊஃபர் மட்டுமே முழுதாகக் காட்டும்.

இணைப்பில் இரண்டு எச்சரிக்கை. பழைய ஆம்ப்பில் சப் ஊஃபருக்கென்று தனி வழி இல்லையென்றால் ஸ்பீக்கர் முனைகளிலிருந்தே எடுக்கலாம். அதற்கான துளைகள் பல சப் ஊஃபர்களில் உண்டு. ஆனால் அசெம்பிள் செட்டுகளில் வரும் சிறிய போர்டுகள் பலவற்றில் ஸ்பீக்கரின் கறுப்பு முனை பூமியோடு சேர்ந்திருக்காது. இரண்டு முனையிலும் ஒலி ஓடும். தெரியாமல் கறுப்பு முனைகளை ஒன்றாக முறுக்கினால் ஐ.சி. புகைந்துவிடும். மெக்கானிக்கிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

அடுத்தது, 'ம்ம்ம்' என்று விடாமல் கேட்கும் இரைச்சல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சப் ஊஃபருக்கு மிகப் பிடித்த அலைவெண். ஆம்ப் ஒரு சுவிட்ச் போர்டிலும் சப் ஊஃபர் வேறொன்றிலும் இருந்தால் இரண்டு எர்த்துக்கு நடுவே ஓடும் சிறு மின்னோட்டம் ஒலிக்கம்பி வழியாக உள்ளே வந்துவிடும். இரண்டையும் ஒரே போர்டில் செருகினாலே பெரும்பாலும் அடங்கும். இரைச்சலை நிறுத்த மூன்றாவது பின்னை உடைக்கிறவர்கள் இருக்கிறார்கள். உயிரோடு விளையாடும் வேலை அது, யார் சொன்னாலும் செய்யாதீர்கள். வீட்டின் எர்த் குழி காய்ந்துகிடந்தால் தண்ணீர் ஊற்றுங்கள். சந்தேகமிருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

பம்புசெட் ஓடும் நேரத்தில் மின்னழுத்தம் 230-லிருந்து 180-க்கு இறங்கினால், மின்மாற்றி வைத்த பழைய வகை ஆம்ப் தரக்கூடிய உச்சத்திறன் ஏறக்குறைய 60 விழுக்காட்டுக்கு விழுந்துவிடும். அப்போது அடிக்கும் பாஸ்தான் முதலில் கிழியும். பெட்டியின் மேல் 5000 வாட் என்று அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம். பின்பக்கச் சீட்டில் மின்சாரம் எவ்வளவு எடுக்கும் என்று போட்டிருப்பதைப் பாருங்கள். சுவரிலிருந்து 60 வாட் எடுக்கும் கருவி அதைவிடக் கூடுதலாகத் தொடர்ந்து ஒலியாகத் தர எந்த வழியும் இல்லை.

பக்கத்து வீட்டைப் பற்றி அக்கறையோடு ஒன்று சொல்ல வேண்டும். சுவர் ஒலியைத் தடுப்பது அலைவெண்ணைப் பொறுத்தது. அலைவெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும் தடுப்பு சுமார் 6 டெசிபல் குறையும். 800 ஹெர்ட்ஸ் குரலைத் தடுக்கிற சுவர் 50 ஹெர்ட்ஸுக்கு 24 டெசிபல் குறைவாகத்தான் தடுக்கும். அதனால் அடுத்த வீட்டுக்குப் பாட்டு போகாது, 'தும் தும்' மட்டும் போகும். ராகமும் இல்லாமல் சொல்லும் இல்லாமல் அது மட்டும் இரவில் வந்து இடித்தால் நோயாளியும் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும் என்ன செய்வார்கள்? 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. ஆனால் அந்த அளவீடு காதின் இயல்பைப் பின்பற்றி 50 ஹெர்ட்ஸ் ஒலியில் 30 டெசிபலைக் கழித்துவிட்டுத்தான் எண்ணும். ஆக, கருவி சரி என்று காட்டும்போதும் பக்கத்து வீட்டுக் கட்டில் அதிரலாம். இரவு பத்து மணிக்குமேல் சப் ஊஃபரை மட்டும் அணைத்துவிடுவதுதான் முறை. பாட்டு நிற்காது, பாஸைக் காது தானே நிரப்பிக்கொள்ளும்.

இவ்வளவும் செய்தபிறகு, ஓரிடத்தில் உட்கார்ந்தால் நன்றாக இருக்கிறது, வீட்டில் மற்றவர்கள் உட்காரும் இடத்தில் இல்லை என்கிற நிலை வரும். கையில் பணம் இருந்தால் அப்போது பெரிதாக ஒன்று வாங்காமல், சிறிதாக இன்னொன்று வாங்குங்கள். டாட் வெல்ட்டி என்ற ஒலிப் பொறியாளர் 2002-ல் ஓர் அறைக்கு எத்தனை சப் ஊஃபர் போதும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஒவ்வொன்றாக வைத்த இரண்டு, அறை முழுக்க ஒலியைச் சமனாக்குவதில் நல்ல பலன் தந்தது. நம் 12-க்கு 10 ஹாலில் இரண்டு நீளச் சுவர்களின் நடுவில் வைத்தால், நீளவாட்டு 48 ஹெர்ட்ஸை இரண்டுமே கிளப்பாது. குறுக்குவாட்டு 57 ஹெர்ட்ஸை ஒன்று கிளப்பினால் மற்றது அழுத்திவிடும். தரைக்கும் தளத்துக்கும் நடுவிலான 57 மட்டுமே மிஞ்சும். ஒரு பன்னிரண்டு அங்குலக் கோனின் பரப்புக்கு இரண்டு எட்டு அங்குலக் கோன்களின் பரப்பு ஒன்பதில் எட்டுப் பங்கு வந்துவிடும். ஒரே ஒலிக்கம்பியை இரண்டாகப் பிரித்து இரண்டு பெட்டிக்கும் கொடுங்கள், இரண்டின் ஃபேஸ் சுவிட்சும் ஒரே பக்கம் இருக்கட்டும், அளவை இரண்டிலும் சமமாகக் குறைத்து வையுங்கள்.